ஸஃப்பில் ஒருவரைக் காணவில்லை

நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்களின் சபையில் ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களைக் காணவில்லை. இவர் அன்ஸாரித் தோழர். பெருமானாரின் பேச்சாளர் என்று பெயர் பெற்றவர். பிறவியிலேயே உரத்த குரலுடையவர். நபியின் குரலுக்கு மேலாகக் குரலை உயர்த்தினால் அமல்கள் அழிந்துபோகும் என்று எச்சரிக்கும் 'ஹுஜுராத்' அத்தியாயத்தின் 2ஆம் வசனம் இறங்கியதும், அது தம்மைப் பற்றியதே என்று அவர் தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார். தம் அமல்கள் யாவும் பாழாயின, தாம் நரகவாசியாகிவிட்டோம் என்ற எண்ணம் நெஞ்சை அழுத்த, வீட்டுக்குள் போய்த் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் வராததை அண்ணலார் (ஸல்) அவர்கள் கவனித்தார்கள். ஸாபித் எப்படி இருக்கிறார், அவருக்கு உடம்புக்கு ஏதுமா என்று ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களிடம் விசாரித்ததாக 'முஸ்லிம்' நூலின் ஓர் அறிவிப்பு கூறுகிறது. அவர் என் அண்டை வீட்டார்தாம், நோய் என்று எதையும் நான் அறியேனே என்றார் ஸஅத் (ரலி). பிறகு ஆள் போய்ப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு வந்து சொன்னார். நபியவர்கள் மறுபடியும் அதே ஆளை அனுப்பினார்கள்: நீர் நரகவாசி அல்ல, சுவர்க்கவாசி என்று சொல்லிவரும்படி. 'புகாரி'யிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது.

வாசக நேயர்களே! இதை நாம் வழக்கமாக நபித்தோழர்களின் இறையச்சத்துக்கு எடுத்துக்காட்டாக ஓதி வருகிறோம். அது சரியே. ஆனால் இதில் மற்றொரு பாடமும் இருக்கிறது. ஒரு மனிதர் உள்ளுக்குள் நொறுங்கி வீட்டில் அடைந்துகிடக்கிறார். உடம்பில் காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. சுவர் ஒட்டிய வீட்டாருக்கே தெரியவில்லை. அவர் வரவில்லையே என்று ஒருவர் கேட்டதால்தான் அது வெளிவந்தது. ஏன் சபைக்கு வரவில்லை என்று அவரை யாரும் அதட்டவில்லை. வரச்சொல்லி உத்தரவும் போகவில்லை. ஆள் போனார், கேட்டார், திரும்பி வந்தார், ஆறுதலோடு மீண்டும் போனார். ஒரே விஷயத்துக்கு இரண்டு தடவை நடந்தார் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐவேளைத் தொழுகையை ஜமாஅத்தாகத் தொழுவதன் நன்மைகளை விவரிக்கும்போது, ஒருவர் நிலையை மற்றவர் அறிவது அவற்றில் ஒன்று என்று உலமாக்கள் சொல்வார்கள். சுப்ஹில் பக்கத்தில் நின்றவர் இஷாவில் இல்லை என்றால் அந்த இடைவெளி கண்ணில் படும். நாம் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டு நிற்கிறோம். யாருடைய இடம் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

தெருவும் சுளகும்

நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் இந்தக் கவனிப்பைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் ஒரு காலத்தில் இருக்கவில்லை. பிழைப்பே மனிதர்களைச் சேர்த்து உட்கார வைத்தது. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் தறி ஓடிய நாட்களில் பாவைத் தெருவில் நீட்டுவதற்கே நாலு பேர் வேண்டும். இன்று அந்தத் தறிச் சத்தம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. பத்தமடையில் கோரைப் பாய் முடைகிற வீடுகளிலும், பீடி சுற்றுகிற எண்ணற்ற வீடுகளிலும் பெண்கள் கூடி உட்கார்ந்தே வேலை பார்த்தார்கள்; இன்றும் பல தெருக்களில் பார்க்கிறார்கள். மடியில் சுளகு, வாயில் பேச்சு. ஒரு லாத்தா இரண்டு நாளாகச் சுளகைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது போய்க் கதவைத் தட்டிவிடுவார்கள்.

பீடித் தொழிலை நாம் போற்றவில்லை. புகையிலைத் தூளினால் நெஞ்சும் கண்ணும் கெடுவதையும், கைக்கூலி குறைவாக இருப்பதையும் அறிந்தே இருக்கிறோம். அந்தத் தொழிலோடு சேர்ந்திருந்த ஒரு நன்மையை மட்டும் சொல்கிறோம். ஆண்களுக்குப் பள்ளியில் ஸஃப் இருக்கிறது. நம் பெண்களில் பலருக்கு அந்தச் சுளகு வட்டம்தான் ஸஃப்பாக இருந்தது. காயல்பட்டினத்தில் பெண்கள் கூடுவதற்கென்றே தனித் தைக்காக்கள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் அதுவும் அருமை. மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒரு கறுப்பினப் பெண்மணியைக் காணாமல் பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்ததும், அவர் இறந்து அடக்கமும் ஆகிவிட்டதை அறிந்து, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கப்ரைத் தேடிப் போய்த் தொழுததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளன. கூட்டிப் பெருக்குகிற பெண்ணின் வராமையும் அந்தத் திருச்சபையில் கணக்கில் இருந்தது.

இப்போது நிலைமை எப்படி? கணவர் துபாயிலோ ஸவூதியிலோ இருக்கிறார். பிள்ளைகள் சென்னையில். நெல்லையின் புதிய குடியிருப்புகளில் கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு உம்மா தனியே இருக்கிறார். பணத்துக்குக் குறைவில்லை, பேச ஆள் இல்லை. வேறொரு வீட்டில் பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாத இளந்தாய், காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருக்கிறார். வீட்டாரோ இதெல்லாம் செல்லம் என்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒரு நோய் என்பதும், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

தனிமையை மேல்நாட்டார் இப்போதுதான் நோயைப் போல எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். பிரிட்டனில் 2018ஆம் ஆண்டு தனிமைப் பிரச்சினைக்கென்றே ஒரு மந்திரிக்குப் பொறுப்புக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துவதாகவும், ஆண்டுக்கு 8,71,000க்கு மேற்பட்ட மரணங்கள் தனிமையோடு தொடர்புடையவை என்று மதிப்பிடப்படுவதாகவும் கூறுகிறது. மனச்சோர்வு மட்டுமல்ல; இருதய நோயும் பக்கவாதமும் கூடத் தனித்துக் கிடப்பவர்களை அதிகம் பிடிக்கின்றனவாம். மந்திரி வைத்துச் செய்ய வேண்டிய வேலையை நம் மோதினாரும் பக்கத்து வீட்டு மாமியும் சம்பளமில்லாமல் செய்துவந்தார்கள் என்று நாம் பெருமைப்படலாம். பெருமைப்பட்டுக்கொண்டே அதை விட்டுவிடவும் செய்கிறோம்.

திருமறை 'நிஸா' அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் தனித்தனியே குறிப்பிட்டு இருவருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. 'மாஊன்' என்ற சிறு அத்தியாயமோ அற்பப் பொருளைக் கூட இரவல் தராதவரைக் கண்டிக்கிறது. சட்டி, வாளி, கோடரி என்று அப்பொருட்களை விளக்கவுரையாளர்கள் எண்ணிச் சொல்கிறார்கள். நம் ஊரில் ஏணி, ஆட்டுரல், சுளகு என்று வைத்துக்கொள்ளலாம். இரவல் கேட்க வருகிற சிறுபிள்ளை வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகும். யார் படுத்துக்கிடக்கிறார், எந்த அடுப்பு மூட்டப்படவில்லை என்பது தெருவுக்குத் தெரிந்துவிடும். எல்லா வீட்டிலும் எல்லாச் சாமானும் வந்துவிட்டபடியால் அந்தப் பார்வை நின்றுவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை வெள்ளம் புரட்டியதே, அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசலைத் திறந்து, வீடிழந்த இந்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலின் பிரயாணிகளுக்குப் பக்கத்து ஊர் மக்கள் கையிலிருந்த அரிசியை வடித்துக் கொடுத்தார்கள். வெள்ளம் வந்தால் வருகிற இந்தத் தாராளம் வெள்ளம் வடிந்ததும் ஏன் வடிந்துவிடுகிறது? தண்ணீர் புகுந்த வீடு கண்ணுக்குத் தெரிகிறது, மனம் மூழ்கிய வீடு தெரிவதில்லை என்பதே நாம் காணும் காரணம்.

பேச்சை நிறுத்துகிற தண்டனை

உறவு மருந்தானால் அதைத் துண்டிப்பது என்ன செய்யும் என்பதைத் திருமறையே காட்டியிருக்கிறது. ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்துக்குப் போகாமல் தங்கிவிட்ட கஅப் பின் மாலிக், முராரா பின் ரபீஉ, ஹிலால் பின் உமய்யா (ரலி) ஆகிய மூவருடனும் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவாயிற்று. ஐம்பது நாட்கள். பூமி இவ்வளவு விசாலமாக இருந்தும் அவர்களுக்கு நெருக்கடியாகிவிட்டது, அவர்களுடைய உயிரே அவர்களுக்குப் பாரமாகிவிட்டது என்ற கருத்தில் 'தவ்பா' அத்தியாயத்தின் 118ஆம் வசனம் அவர்கள் நிலையை விவரிக்கிறது. மனநோயால் வாடுகிறவர் ஒருவரிடம் உமக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய இதைத்தான் சொல்வார்.

கஅப் (ரலி) தம் கதையைத் தாமே சொல்கிறார். கடைவீதியில் நடப்பார், யாரும் பேசமாட்டார்கள். நபியவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்ல உதடு அசைந்ததா இல்லையா என்று ஏங்குவார். தம் பெரிய தந்தையின் மகனும் உயிருக்குயிரானவருமான அபூ கதாதா (ரலி) அவர்களின் தோட்டத்துச் சுவரேறிக் குதித்து ஸலாம் சொன்னார், பதில் இல்லை. கண்ணீர் வழியத் திரும்பினார். ஐம்பதாம் நாள் மன்னிப்பு இறங்கி அவர் பள்ளிக்குள் நுழைந்தபோது முஹாஜிர்களில் தல்ஹா (ரலி) ஒருவர்தாம் எழுந்து ஓடிவந்து கைகுலுக்கினார். தல்ஹாவின் அந்தச் செய்கையை நான் மறக்கவே இல்லை என்கிறார் கஅப் (ரலி). ஒரு கைகுலுக்கல்! அதை ஆயுள் முழுதும் நினைத்திருந்தார்.

இந்நிகழ்ச்சியை ஆதாரமாகக் காட்டித்தான் சில ஊர்களில் ஊர் விலக்கம் செய்கிறார்கள். சந்தா பாக்கி, கல்யாணத்தில் மனஸ்தாபம், கொள்கை வேறுபாடு, சொத்துத் தகராறு எதுவானாலும் அந்த வீட்டாரோடு பேச்சு வார்த்தை இல்லை, நிக்காஹ் பதிவேடு இல்லை, மையித்துக்கு ஆள் இல்லை என்று தீர்மானம் போடுகிறார்கள். நம் அபிப்பிராயத்தில் இது ஆதாரமாகாது. அந்த உத்தரவைப் பிறப்பித்தவர்கள் வஹீ இறங்கிக்கொண்டிருந்த நபி, முடித்துவைத்ததும் வஹீதான். ஜமாஅத் நிர்வாகத்துக்கு வஹீ வருவதில்லை. அந்த ஐம்பது நாட்களிலும் முதியவரான ஹிலால் (ரலி) அவர்களுக்குப் பணிவிடை செய்ய அவர் மனைவி அனுமதி கேட்டபோது நபியவர்கள் மறுக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மற்றப்படி பொது விதி, தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஒரு முஸ்லிமுக்கு ஹலால் இல்லை என்பதே. புகாரியிலும் முஸ்லிமிலும் இது உண்டு. விலக்கப்பட்ட வீட்டில் தவறு செய்தவர் ஒருவர் இருக்கலாம். தண்டனையை அனுபவிப்பது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும், தண்ணீர்க் குழாயடியில் யாரும் முகம் பார்த்துப் பேசாத பெண்களும்.

'கோட்டி' என்ற சொல்

நம் நெல்லைச் சீமையில் மனநோய்க்கு ஒரே பெயர்தான்: கோட்டி. கவலையால் தூக்கமற்றவரும் கோட்டி, காதில் இல்லாத குரல் கேட்பவரும் கோட்டி. அந்தச் சொல் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். ஆகவே மறைக்கிறார்கள். முதலில் ஓதிப் பார்ப்பது, பிறகு தாயத்து, பிறகு ஜின் என்று சொல்லி ஊர் ஊராகக் கொண்டுபோவது, கடைசியில் பின்கட்டு அறையில் அடைத்து வைப்பது.

இந்த மறைப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு நம் சமுதாயம் மறக்கக்கூடாத தேதி 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் (நம் நெல்லை ஏர்வாடி வேறு) தர்காவை அண்டி நடந்துவந்த தனியார் காப்பகம் ஒன்று விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வீட்டில் பிறந்து, அங்கே வைத்துக்கொள்ள முடியாமல் அனுப்பப்பட்டவர்கள். அதன் பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுத்திருக்கிறது. குஜராத் மாநிலம் உனாவாவில் மீரா தாதார் தர்காவில் தவாவும் துஆவும் சேர்ந்தே, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் ஓரிடத்திலேயே கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். ஏர்வாடியிலும் பின்னர் அவ்விதம் மருத்துவர்கள் வந்தார்கள்.

துஆ வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். ஓதுவதும் துஆ கேட்பதும் ஸுன்னத்து. ஆனால் எந்த நோயையும் அதற்கான நிவாரணத்தை இறக்காமல் அல்லாஹ் இறக்கவில்லை என்று சொன்னவர்களும், சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டவர்களும் அதே நபிதாம். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலம், உள்ள நலம் இரண்டையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். கவலை, அச்சம், கோபம், விடாத எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. முஸ்லிம்கள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவர்களை நாம் பின்கட்டில் வைத்துப் பூட்டுகிறோம்.

ஈமான் பலவீனத்தால் வருவது இது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. யஅகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தால் கண்கள் வெளுத்துப் போனார்கள் என்று 'யூஸுஃப்' அத்தியாயம் கூறுகிறதே, ஒரு நபியின் ஈமானிலா குறை? கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆவைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதிவந்தார்கள். கடன் பாரமும் அதே துஆவில் சேர்ந்து வருகிறது. வாரத் தவணைக் கடன் வாங்கிவிட்டு, வசூலுக்கு வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நடுங்குகிற பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து மாத்திரை மட்டும் போதாது. பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கு, அதாவது கர்ளே ஹஸனாவுக்கு ஒரு தொகையை ஒதுக்குவதும் மனநலப் பணியே.

மருத்துவம் தூரத்தில் இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். இந்த எண்ணைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதி வைக்க முத்தவல்லிமார்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். தொழுகையையும் நோன்பையும் விட்டுவிட்டாரே என்று நோயாளியை வாட்டுகிற வீட்டாருக்கு ஒரு சட்டம்: அறிவு பிறழ்ந்தவர் தெளியும்வரை அவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்த ஹதீஸ் உண்டு. மாத்திரையைப் பகலில் சாப்பிட்டே தீர வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், ரமளான் நோன்புக்கும் மற்ற நோயாளிகளுக்குள்ள சலுகையே இவருக்கும். நோன்புக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது கூடாது.

நோய் விசாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒழுங்கு உண்டு. யூதச் சிறுவன் ஒருவன் நோயுற்றபோது பெருமானார் (ஸல்) அவர்கள் போய் அவன் தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. எனவே மார்க்கம் பார்த்துப் போகக் கூடாது. கூட்டமாகவும் போகக் கூடாது. ஏன் இப்படி ஆயிற்று, யார் செய்வினை என்று துருவக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே கண்டதை வெளியே சொல்லக் கூடாது. சுளகு வட்டத்தின் நன்மையைப் புகழ்ந்தோம். அதே வட்டத்தில் ஒரு புறம் பேசுகிற நாக்கு இருந்தால் அந்தத் தெருவே நோயாளிக்குச் சிறைச்சாலையாகிவிடும். கதவைத் தட்ட வருகிறவர் ரகசியம் காப்பார் என்று தெரிந்தால்தான் கதவு திறக்கும்.

துக்க வீடுகளில் தல்பீனா என்ற பார்லிக் கஞ்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் இருதயத்துக்கு இதமளிக்கும், துக்கத்தில் சிறிதைப் போக்கும் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதாகவும் அறிவிக்கிறார்கள். கவனிக்க: பெண்கள் கூடிக் கலைந்து, நெருங்கியவர்கள் மட்டும் மிஞ்சிய பிறகுதான் அந்தக் கஞ்சி. கூட்டம் போன பின்பு வருகிற வெறுமைக்கு உரிய உணவு அது. நாம் முதல் நாள் பிரியாணி வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாற்பதாம் நாள்வரை எட்டிப் பார்ப்பதில்லை.

இனிச் சொல்லக் கூசுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவரின் மையித்துக்குத் தொழவைக்கலாமா என்ற தகராறில், வீட்டு வாசலில் மணிக்கணக்காக மையித்தை வைத்துக்கொண்டு உறவினர் நிற்கும் காட்சி நம் ஊர்களில் உண்டு. தற்கொலை பெரும்பாவம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அது குஃப்ரு அன்று. அத்தகைய ஒருவருக்கு நபியவர்கள் தாமே முன்னின்று தொழவைக்கவில்லை என்று முஸ்லிமில் வரும் ஹதீஸை, பிறருக்கு எச்சரிக்கையாகச் செய்தது என்று பெரும்பான்மை இமாம்கள் விளக்கினார்கள். பிறர் தொழவேண்டும் என்றும் கூறினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமும், ஹனஃபி மத்ஹபின் ஃபத்வாவும் ஒன்றே: குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, முஸ்லிம்களின் கப்ருஸ்தானிலேயே அடக்க வேண்டும். அவர் அறிவு நோயால் பிறழ்ந்திருந்தாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஊரின் பெரிய ஆலிம் ஒதுங்கி நிற்க விரும்பினால் நிற்கட்டும், வேறொருவர் தொழவைக்கட்டும். தொழுகையே இல்லாமல் அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை.

அந்த வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். முஅத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்ததும், அவர் குடும்பத்தார் துக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உணவு சமையுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இந்த வீட்டுக்கும் அப்படியே சோறு போக வேண்டும். முதல் நாள் எந்த வீட்டார், இரண்டாம் நாள் எந்த வீட்டார், ஆட்கள் கலைந்த பிறகு அந்த உம்மாவோடு இரவில் யார் துணைக்குப் படுப்பது என்பதை அடக்கத்துக்குப் போகும் முன்பே தெருப் பெண்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.